இடப்பக்க விளக்கு

மரியம்போலே கார்ச் சந்தையில்
கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கப்பல் பெட்டி.
உள்ளே ஒரு மேசை, ஒரு ஹீட்டர், நான்.
பெயர்ப்பலகை கிடையாது.
தேவைப்பட்டவர்களுக்கு வழி தெரியும்.

ஸ்கிர்மந்தாஸ் மீட்டர் பலகையைக் கழற்றி
துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்,
சூடு ஆறக்கூடாத ரொட்டிபோல.
"இருநூத்தி முப்பத்தோராயிரம் காட்டுது.
தொண்ணூத்தேழு போதும்.
அந்தக் கஸாக் ஆள் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள."

பேட்டரி இல்லை, கம்பி இல்லை,
முள்ளெல்லாம் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
ஆனாலும் எண் உள்ளேதான் இருக்கிறது,
எட்டுக் காலுள்ள ஒரு கறுப்புச் சில்லில்,
உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
கதவே வைக்காமல் கட்டிய அறைகள் அதில்.
மின்னழுத்தம் கொடுத்தால்
எலக்ட்ரான்கள் சுவரையே ஊடுருவி உள்ளே போகும்.
அழுத்தம் நின்றால் போன இடத்திலேயே இருக்கும்.
மின்சாரம் போய்விட்டதென்று
யாரும் அவற்றிடம் போய்ச் சொல்வதில்லை.

கண்ணாடி மாட்டிக் குனிந்தேன்.
மூன்றாம் காலில் ஒரு நீலப் பொட்டு.

என் பொட்டு.
வார்னிஷ்கூட இல்லை அது,
ஔஷ்ரினே விட்டுப்போன நகப்பூச்சு.
பாட்டில் தீரும்வரை
என் கைபட்ட சில்லுக்கெல்லாம் அதைத்தான் வைத்தேன்.

அப்படியென்றால் ஒன்பது வருஷம்.
வேன் எனக்கு நினைவில்லை.
வாங்க வந்தவள் நினைவிருக்கிறாள்:
ஈர மஃப்ளர், பூ வியாபாரம்,
மீட்டரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"இவ்வளவுதானே ஓடியிருக்கு?"
விற்றவன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் சாசேஜ் தின்றுகொண்டிருந்தேன்.
தலையாட்டினேன்.

நூற்று நாற்பத்தெட்டாயிரம். நான் எழுதிய எண்.
அதற்குமேல் எண்பத்து மூவாயிரம் ஓட்டியிருக்கிறாள்,
துலிப்பும் கார்னேஷனும் ஏற்றி.
அவள் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் நிஜம்.
நான் வைத்துவிட்ட தொடக்கம்தான் பொய்.

ஒன்பது குளிர்காலம்,
பேட்டரி செத்துக் கிடந்த வாரங்கள் உட்பட,
அந்தப் பொய்யைச் சில்லு சிந்தாமல் வைத்திருந்தது.
பொய்தானே என்று கொஞ்சம் கசியவிட்டிருக்கலாம்.
விடவில்லை.
கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியும் அதற்கு,
யார் கொடுத்தது என்று கேட்கத் தெரியாது.

கிளிப்பை மாட்டினேன். 97,206 என்று எழுதினேன்.
கை நடுங்கவெல்லாம் இல்லை,
இதை ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்.

பலகையை வேனில் பொருத்திக் கேபிள் சொருகி
வேறெங்கும் தடயம் உண்டா என்று தேடினேன்.
தொழில் சுத்தம்.
பிரேக்கில் இல்லை. கியரில் இல்லை.
விளக்குப் பெட்டியில் ஒரு பழைய வரி:
இடப்பக்க முகப்பு விளக்கு, இணைப்பு அறுந்தது,
2,96,412 கிலோமீட்டரில்.

நான் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது.
பல்பை எப்போதோ மாற்றிவிட்டார்கள்.
புகாரை யாரும் வாபஸ் வாங்கவில்லை.

திரையில் 'அழி' பொத்தான்.
ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது.

கண்ணாடியில் விரல் கணு தட்டிய சத்தம்.
சபிர்ஜான், கொஸ்தனாய்க்காரர்,
காலிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.
மூவாயிரம் கிலோமீட்டருக்குமேல் போகவேண்டும்,
ராத்திரியும் ஓட்டுவாராம்.
மீட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
உடைந்த ரஷ்ய மொழியில் நான்,
நல்ல ரஷ்ய மொழியில் அவர்:
"விளக்கு ஒழுங்கா எரியுமா?"

"எரியும்" என்றேன்.
இந்தமுறை வாயால் சொன்னேன்.

கேபிளைப் பிடுங்கினேன், பொத்தானைத் தொடாமல்.
ஸ்கிர்மந்தாஸ் நாற்பது யூரோ கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
வேன் வாசலில் திரும்பியபோது
பனிமேல் இரண்டு வட்டம் விழுந்தது.
இடப்பக்கம் மட்டும்
கொஞ்சம் மஞ்சளாக.